எதிர்மலைச் செவி: குஷ்கோய் என்னும் துருக்கிய மலையூரும் அதன் சீழ்க்கை மொழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் தமிழ்க் கவிதையைப் பற்றிய உரையே எதிர்பார்க்கப்படுவது இயல்பு. இன்றைய உரைக்குப் பொருளாக அமைந்ததோ கருங்கடலின் தென்கரையில், மழையும் மூடுபனியும் மாறி மாறி இறங்கும் மலைச்சரிவில் உள்ள ஒரு சிற்றூர். அரண்மனையோ போர்க்களமோ புனிதத்தலமோ அவ்வூருக்குப் பெயர் தேடித்தரவில்லை. அங்கு வாழும் உழவர்கள் தம் தாய்மொழியை வாயால் பேசுவதோடு சீழ்க்கையாலும் பேசுகின்றனர். அதனாலேயே உலகம் அவ்வூரை அறிந்தது. மொழியையே கருவியாகக் கொண்டோர் கூடியிருக்கும் அவை இது. ஒரு மொழியின் உயிர் எங்கே இருக்கிறது என்ற வினா இங்கே பலமுறை எழுந்திருக்கும். அவ்வினாவுக்கு அந்தச் சிற்றூரும் ஒரு விடை வைத்திருக்கிறது.

நிலம்

துருக்கியின் வடகரையை ஒட்டிக் கிழக்கு மேற்காகப் பொந்திக் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் மலைக்கும் இடையே சமவெளி மிகக் குறைவு. கரையைவிட்டுச் சிறிது தொலைவு போவதற்குள் நிலம் ஏறத் தொடங்கிவிடும். கடற்காற்று சுமந்து வரும் ஈரத்தை மலை தடுத்து நிறுத்துவதால் வடசரிவு ஆண்டு முழுவதும் நனைந்தே இருக்கிறது. துருக்கி என்றவுடன் வறண்ட பீடபூமியை நினைப்போர் இப்பகுதியைக் கண்டால் வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டதாக எண்ணுவர்.

இக்கரையின் கிழக்குப் பாதியில் அமைந்துள்ளது கிரெசுன் மாகாணம். அதன் கடற்கரை நகர்களுள் ஒன்றான கொரெலேயிலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே உள்நாடு நோக்கி ஏறினால் சானக்சி வட்டம் வரும். அவ்வட்டத்து ஊர்களுள் ஒன்று குஷ்கோய். துருக்கிய மொழியில் 'குஷ்' என்பது பறவை. 'கோய்' என்பது சிற்றூர். பறவையூர் எனத் தமிழில் சொல்லலாம். சில நூறு பேரே வாழும் ஊர் அது.

ஊர் என்றதும் தெருக்களும் நடுவே ஒரு மன்றமும் கண்முன் வரக்கூடும். கருங்கடல் மலைகளின் ஊர் அமைப்பு அத்தகையது அன்று. தட்டையான நிலம் எங்கே சிறிது கிடைத்ததோ அங்கே ஒரு வீடு எழுந்திருக்கும். ஒரு வீடு இச்சரிவில் என்றால் அடுத்தது எதிர்ச்சரிவில். வீட்டைச் சுற்றி ஹேசல் கொட்டைப் புதர்கள், மக்காச்சோளக் கொல்லை, தேயிலைப் பாத்தி, சில மாடுகள். உலகில் விளையும் ஹேசல் கொட்டைகளில் பாதிக்கும் மேற்பட்டவை துருக்கியில் விளைபவை. அவற்றுள் கிரெசுன் கொட்டைக்குத் தனிப்பெயர் உண்டு. ஆகஸ்டு மாதம் அறுவடை. செங்குத்தான சரிவில் நின்று பறிக்க வேண்டியிருப்பதால் அது ஒரு குடும்பத்தால் முடியும் வேலை அன்று. அக்கம்பக்கத்தாரை அழைத்தே ஆகவேண்டும். கோடையில் மாடுகளை 'யய்லா' எனப்படும் உயர்மலை மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வது இப்பகுதி மக்களின் நெடுங்கால வழக்கம். அறுத்த மக்காச்சோளத்தை ஈரத்துக்கும் எலிக்கும் எட்டாமல் காக்க, உயர்ந்த கால்களின்மேல் மரத்தால் களஞ்சியம் கட்டுவர். 'செரெந்தெர்' என்பது அதன் பெயர். மூன்று நரம்புகள் கொண்ட 'கெமெஞ்சே' என்னும் சிறு வில்யாழ் இக்கரையின் இசைக்கருவி. கொரெலே வட்டாரம் அதன் கலைஞர்களுக்குப் பெயர்பெற்றது.

இந்நிலத்தில் வாழ்வோரின் அன்றாடத் தொல்லை ஒன்றுண்டு. எதிர்ச்சரிவில் நிற்பவரின் சட்டை நிறம் கண்ணுக்குத் தெரியும். அவரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றாலோ பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, ஆற்றைக் கடந்து, மீண்டும் ஏறவேண்டும். கண்ணுக்கு அண்மையில் இருப்பவர் காலுக்குத் தொலைவில் இருக்கிறார். இந்த இடைவெளியிலேதான் சீழ்க்கை மொழி பிறந்தது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த இலக்கண மரபில் பயின்றோர்க்கு, ஒரு நிலம் தனக்குரிய ஒலியைத் தானே ஈன்றது என்பது புதுமையாகத் தோன்றாது.

பழஞ்சான்று ஒன்று

கிரெசுன் என்னும் பெயர் 'கெரசூஸ்' என்ற பழைய கிரேக்கப் பெயரின் திரிபு. செர்ரிப் பழத்தின் பெயரும் அதே வேரோடு தொடர்புடையது. உரோமானியத் தளபதி லுக்குல்லஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் இப்பகுதியின் போரில் வென்று செர்ரி மரத்தை இத்தாலிக்குக் கொண்டு சென்றார் என்பது பண்டை எழுத்தாளர் பிளினி தரும் செய்தி.

அதற்கும் முன்னரே ஒரு கிரேக்கப் படை இம்மலைகளைக் கடந்தது. பாரசீக இளவரசன் ஒருவனுக்காகக் கூலிப்படையாகச் சென்று, கி.மு. 401-இல் அவன் களத்தில் மடிந்தபின், பதினாயிரம் கிரேக்க வீரர் தாயகம் நோக்கித் திரும்பினர். அப்படையில் இருந்த செனோபோன் தம் பயணத்தை 'அனபாசிஸ்' என்ற நூலாக எழுதினார். கருங்கடற்கரையில் கெரசூசுக்கு அப்பால் மொசினோய்க்கர் என்னும் மக்களின் நாட்டைக் கடந்ததை அந்நூலில் அவர் விவரிக்கிறார். மரக்கோபுரங்களில் வாழ்வோர் என்பது அப்பெயரின் பொருள். அவர்களுடைய ஊர்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 80 ஸ்தாதியம் தொலைவில் இருந்தன என்றும், ஆயினும் ஓர் ஊரார் எழுப்பும் கூவல் அடுத்த ஊரார்க்குக் கேட்டது என்றும், நாடு அவ்வளவு உயர்ந்தும் பள்ளங்கள் நிறைந்தும் இருந்ததே காரணம் என்றும் செனோபோன் எழுதுகிறார். 80 ஸ்தாதியம் என்பது ஏறத்தாழ 14 கிலோமீட்டர்.

அவர் கூவல் என்றுதான் குறிக்கிறார். சீழ்க்கை என்று குறிக்கவில்லை. மொசினோய்க்கரின் மொழியும் துருக்கிய மொழி அன்று. ஆகவே இன்றைய சீழ்க்கையை இருபத்து நான்கு நூற்றாண்டுத் தொடர்ச்சி என உரிமை கொண்டாடுவது முறையாகாது. பழம்பெருமை பேசும் ஆர்வம் எல்லா நாட்டிலும் உண்டு. சான்றுக்கு மேல் ஒரு விரற்கடையும் ஏறாமல் இருப்பதே ஆய்வாளர்க்கு அழகு. அச்சான்று உறுதிப்படுத்துவது ஒன்றே: மக்கள் மாறினாலும், மொழிகள் மாறினாலும், அம்மலைகள் மனிதரைத் தொலைவுக்குப் பேச வைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

பறவை மொழி மூன்று

ஊரார் தம் சீழ்க்கையைக் 'குஷ் திலி' என்பர். பறவை மொழி என்பது பொருள். இப்பெயர் துருக்கியில் வேறு இரு பொருள்களிலும் வழங்குகிறது.

முதலாவது, ஞானியர் வழக்கு. சுலைமான் நபி பறவைகளின் பேச்சை அறிந்தவர் என்பது இசுலாமிய மரபு. பாரசீகக் கவிஞர் அத்தார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பறவைகளைப் பாத்திரங்களாக்கி ஒரு ஞானக் காவியம் பாடினார். அதனைத் தழுவிக் குல்ஷெஹ்ரி என்ற கவிஞர் 1317-இல் துருக்கிய மொழியில் ஒரு காவியம் இயற்றினார். இம்மரபில் பறவை மொழி என்பது அறிந்தோர்க்கு மட்டுமே விளங்கும் மறைமொழி.

இரண்டாவது, சிறுவர் வழக்கு. சொற்களின் அசைகளுக்கு இடையே 'க' வரிசை ஒலியைச் செருகி, பெரியோர்க்குப் புரியாதபடி குழந்தைகள் பேசும் விளையாட்டுப் பேச்சுக்கும் துருக்கியர் பறவை மொழி என்றே பெயரிட்டுள்ளனர். 'நீ' என்று பொருள்படும் 'சென்' என்ற சொல் அப்பேச்சில் 'செகென்' ஆகிவிடும். தமிழ்ச் சிறுவர்கள் எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துப் பேசும் விளையாட்டை அறிந்தோர் இதைக் கேட்டுப் புன்முறுவல் பூப்பர். அதுவும் மறைமொழியே.

மூன்றாவது குஷ்கோயின் சீழ்க்கை. முன்னைய இரண்டும் மறைப்பதற்கு உரியவை. இது மட்டும் மறைக்க இயலாதது. ஒருவர் சீழ்க்கையடித்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். ஒருவரை நோக்கிச் சொன்னது ஊருக்கே சொன்னதாகிவிடும். அறுவடைக்கு வரும்படி அழைப்பது, தேநீர் அருந்தக் கூப்பிடுவது, தப்பியோடிய மாட்டைப் பற்றி விசாரிப்பது, சாவுச் செய்தி அறிவிப்பது ஆகிய அனைத்தும் ஊரறிய நிகழ்வன. காதலர்க்கு இம்மொழி உதவாது, புறங்கூறுவோர்க்கும் உதவாது. இப்பண்பை இப்போதே நினைவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இம்மொழியின் பெருமையும் பின்னாளில் அதற்கு நேர்ந்த தளர்ச்சியும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளன.

மூச்சு சொல்லாகும் முறை

குஷ்கோயின் சீழ்க்கை, பறவை ஒலியைப் போலச் செய்தல் அன்று. முன்கூட்டி ஒத்துக்கொண்ட சில குறிகளின் தொகுப்பும் அன்று. அது முழுத் துருக்கிய மொழியே. வாயால் சொல்லும் தொடர் எதையும் சீழ்க்கையால் சொல்ல முயலலாம், புதுச்சொல்லையும் சொல்லலாம். துருக்கி 1928-இல் அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. 1932-இல் துருக்கிய மொழிக் கழகம் தோன்றியது; அதன்பின் அரபு, பாரசீகச் சொற்கள் பல களையப்பட்டுப் புதிய துருக்கியச் சொற்கள் புகுந்தன. எழுத்து மாற்றம் சீழ்க்கையைத் தொடவேயில்லை. அதற்கு எழுத்தே இல்லை. பேச்சில் புகுந்த சொல் எதுவோ அதுவே சீழ்க்கையிலும் புகுந்தது.

எழுத்துகளின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகிறது என விளக்கும். சீழ்க்கையில் மிடற்றின் அதிர்வு அறவே இல்லை. விரலை வாயில் வைத்தோ, நாவை மடித்தோ, இதழ்களைக் குவித்தோ காற்று ஓர் இடுக்கின் வழியே செலுத்தப்படுகிறது. எஞ்சுவது ஒற்றைச் சுருதி. அச்சுருதியின் ஏற்ற இறக்கத்திலேயே ஒரு மொழி முழுவதும் ஏறிக்கொள்ள வேண்டும்.

துருக்கிய மொழியில் எட்டு உயிரொலிகள் உள்ளன. நா முன்வந்து உயரும் 'இ' போன்ற உயிர் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். 'உ', 'ஒ' போன்றவை தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். ஏனையவை இடைப்பட்டு நிற்கும். மெய்யொலிகள், ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குச் செல்லும் சுருதி எவ்வாறு வளைகிறது, எங்கே அறுபடுகிறது என்பதால் உணரப்படுகின்றன. மெக்சிகோவின் மசடெக் மொழி போன்ற சுரமொழிகளில் சொல்லின் சுரத்தையே சீழ்க்கை பின்பற்றும். அம்முறையை ஜார்ஜ் கோவன் 1948-இல் விளக்கினார். துருக்கிய மொழிக்குச் சொற்சுரம் இல்லையாதலால் உயிரும் மெய்யுமே சீழ்க்கையாக உருமாறுகின்றன. இது மேலும் அரிய வித்தை.

சீழ்க்கை தொலைவு செல்வதற்கும் காரணம் உண்டு. பேச்சொலி பல அலைவெண்களில் சிதறுவது. சிறிது தொலைவிலேயே காற்றின் இரைச்சலிலும் ஆற்றின் ஓசையிலும் கரைந்துவிடும். சீழ்க்கை தன் ஆற்றல் முழுவதையும் குறுகிய ஓர் அலைவரிசையில் குவிக்கிறது. அவ்வலைவரிசை காற்றும் நீரும் எழுப்பும் தாழ்ந்த ஓசைகளுக்கு மேலே நிற்கிறது. அதனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சொல் சிதையாமல் சென்று சேர்கிறது.

ஆயினும் இழப்பு இல்லாமல் இல்லை. மிடறு அதிராததால் ஒலிப்பிலா ஒலிக்கும் அதன் இணையான ஒலிப்புடைய ஒலிக்கும் வேறுபாடு காட்டுதல் அரிது. இதழ்கள் ஒருநிலையில் நிற்கும்போது இதழொலிகளும் தம்முள் மயங்கும். கேட்பவரோ தடுமாறுவதில்லை. பேசுபவர் யார், பொழுது என்ன, பருவம் என்ன, எதைப் பற்றிய பேச்சு என்பவற்றைக் கொண்டு எஞ்சியதை அவர் நிறைவு செய்துகொள்கிறார். ககரம் ஒன்றையே எழுதி, சொல்லில் அது நிற்கும் இடம் நோக்கி வெவ்வேறாக ஒலிக்கும் தமிழர்க்கு, குறி குறைவாக இருந்தும் ஒலி குறையாத இந்நிலை எளிதில் விளங்கும். துருக்கிய மொழி தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி என்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கது. 'எவ்' என்பது வீடு. 'எவ்லெரிமிஸ்தென்' என்பது 'எம் வீடுகளிலிருந்து' எனப் பொருள்தரும் ஒரே சொல். பன்மையும் உரிமையும் வேற்றுமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டுகின்றன. எந்த உருபுக்குப் பின் எந்த உருபு வரும் என்பது கேட்பவர் அறிந்த ஒழுங்கு. பாதி கேட்டபோதே மீதி அவருள் எழுகிறது.

பேசுபவர் அனுப்புவது முழுமையற்ற ஒன்று. அதை முழுமையாக்குபவர் கேட்பவர். உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற மரபினர்க்கு இவ்வுண்மை அயலானது அன்று.

ஆய்வாளர் கண்டவை

1964-இல் வெளிவந்த செய்தித்தாள் குறிப்பொன்றே இவ்வூரை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1967-இல் பிரெஞ்சு அறிவியலார் ரெனே-கி பூஸ்னெல் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு குஷ்கோய் சென்றது. விலங்குகளின் ஒலித்தொடர்பை ஆராய்ந்து பெயர்பெற்றவர் பூஸ்னெல். அக்குழுவின் ஆய்வுகள் 1970-இல் பிரெஞ்சில் வெளிவந்தன. சீழ்க்கை மொழிகளைப் பற்றி அவரும் ஆந்த்ரே கிளாஸும் சேர்ந்து எழுதிய நூல் 1976-இல் வந்தது.

இத்துறையில் பெரும் வியப்பை விளைத்தது 2015-இல் வெளியான ஆய்வு. செருமனியின் போகும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓனுர் குன்துர்குன், துருக்கியில் பிறந்தவர். மொழியை உணர்வதில் மூளையின் இடப்பாதியே முதன்மை பெறும் என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற கருத்து. எழுத்தானாலும், பேச்சானாலும், காது கேளாதோரின் சைகை மொழியானாலும் அவ்வாறே என ஆய்வுகள் காட்டிவந்தன. சுருதி, இசை ஆகியவற்றை உணர்வதில் வலப்பாதிக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வாறாயின் இசையின் உருவில் வரும் மொழியை மூளையின் எப்பாதி கேட்கும்?

அவரும் உடன் ஆய்வாளர்களும் சீழ்க்கை அறிந்த 31 பேரிடம் சோதனை நடத்தினர். காதொலிப்பானைக் காதுகளில் பொருத்தி, ஒரே நொடியில் வலக்காதுக்கு ஓர் அசையும் இடக்காதுக்கு வேறோர் அசையும் ஒலிக்கச் செய்தனர். பேச்சொலியில் அமைந்த அசைகளைக் கேட்டபோது பெரும்பாலும் வலக்காது கேட்டதையே அவர்கள் கூறினர். வலக்காதின் செய்தி இடமூளைக்கு விரைந்து செல்வது. அதே அசைகள் சீழ்க்கையாக ஒலித்தபோது அச்சாய்வு மறைந்துவிட்டது. இரு காதுகளும் நிகராயின. அதாவது, சீழ்க்கை மொழியை உணர்வதில் மூளையின் இருபாதிகளும் ஏறத்தாழ ஒத்த பங்கு கொள்கின்றன.

சொல்லையும் இசையையும் இரு கூறாக்கிக் கவிதை எதன் பக்கம் என்று வழக்காடுவோர் உண்டு. ஹேசல் கொட்டை பறிக்கும் உழவர்கள் அவ்வழக்கை என்றோ தீர்த்துவிட்டனர் எனலாம்.

குஷ்கோய் தனித்த விந்தையும் அன்று. கனாரித் தீவுகளுள் ஒன்றான லா கோமேராவில் ஸ்பானிய மொழி சீழ்க்கையாகிறது. கிரேக்கத்தின் எவியாத் தீவில் அந்தியா என்ற ஊரில் கிரேக்க மொழி சீழ்க்கையாகிறது. உலகின் பல பகுதிகளில் இத்தகைய வழக்குகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை செங்குத்து மலையிலோ அடர்காட்டிலோ வளர்ந்தவை. தமிழிலும் 'வீளை' என்ற பழஞ்சொல் உண்டு. முல்லை நிலத்து இடையர் ஆநிரைக்கும் ஆட்டு மந்தைக்கும் எழுப்பிய சீழ்க்கையைச் சங்கப் பாடல்கள் அச்சொல்லால் குறிக்கின்றன. அது குறிப்பொலி, குஷ்கோயினுடையதோ சொல்லொலி. இவ்வேறுபாட்டை மறவாமல் இருப்பதே இரண்டுக்கும் செய்யும் நேர்மை.

கைப்பேசி வந்தபின்

துருக்கியில் கைப்பேசிச் சேவை 1994-இல் தொடங்கியது. நகரங்களில் பரவி, பின்னர் மலைகளிலும் கோபுரங்கள் எழுந்தன. எதிர்ச்சரிவுக்கு ஒரு சொல் சொல்ல மூச்சை அடக்கி நாவை மடிக்க வேண்டிய தேவை குறைந்தது. சாலைகள் வந்தன. இளையோர் இஸ்தான்புல் முதலிய நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். அங்கே எதிர்ச்சரிவே இல்லை.

வசதி ஒன்று மட்டுமே காரணம் என முடிவு கட்டுதல் பொருந்தாது. சீழ்க்கை ஊருக்கே கேட்கும்; கைப்பேசி ஒருவர்க்கே கேட்கும். மனம் திறந்து பேசவும், காதலிக்கவும், கடன் கேட்கவும், சண்டையிட்டுச் சமாதானம் ஆகவும் மனிதர்க்கு மறைவிடம் வேண்டும். அம்மறைவிடத்தைக் கைப்பேசி தந்தது. பொதுமையே உயிராக அமைந்த மொழி, தனிமையைத் தரும் கருவியின்முன் தளர்ந்தது.

இதற்காக அவ்வூராரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரை அழைக்க உதவுவது கைப்பேசியே. இஸ்தான்புல்லில் வேலைக்குச் சென்ற மகளின் குரலை முற்றத்துக்குக் கொண்டுவருவதும் அதுவே. உலகம் வியந்து பார்க்கவேண்டும் என்பதற்காக ஒரு மக்கள் தம் கடினங்களைச் சுமந்துகொண்டே இருக்கவேண்டும் எனக் கேட்பது அறமாகாது. தொலைவில் அமர்ந்து மரபைப் போற்றுவோர் மறக்கும் செய்தி இது.

ஊர் வாளாவும் இருந்துவிடவில்லை. 1997-இல் பறவை மொழி விழா தொடங்கியது. சீழ்க்கையில் வல்லவர்கள் அங்கே கூடுவர், போட்டிகள் நடைபெறும். 2014 முதல் வட்டார அதிகாரிகளின் முயற்சியால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கற்பிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் தென்கொரியாவின் ஜேஜு தீவில் கூடிய யுனெஸ்கோ குழு, துருக்கியின் சீழ்க்கை மொழியை உடனடிப் பாதுகாப்பு வேண்டும் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கைப்பேசியின் பரவலே முதன்மையான அச்சுறுத்தல் என்றும், இளந்தலைமுறையின் ஆர்வம் பெரிதும் குறைந்துவிட்டது என்றும் அப்போது சுட்டப்பட்டது. அவ்வேளையில் சானக்சி வட்டத்தை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 10,000 பேர் இம்மொழியைப் பயன்படுத்துவதாகச் செய்திகள் கூறின.

லா கோமேராவின் பட்டறிவு இவ்விடத்தில் துணைபுரியும். அங்குப் பள்ளிகளில் சீழ்க்கை 1999-இலேயே கட்டாயப் பாடமாக்கப்பட்டது. 2009-இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. பள்ளி ஒரு வழக்கைக் காக்க இயலும் என்பதற்கு அது சான்று. ஆயினும் பள்ளியில் கற்ற பிள்ளை எங்கே சீழ்க்கையடிக்கும், யாரை நோக்கி அடிக்கும் என்ற வினா எஞ்சியே நிற்கிறது.

விழா மேடையின் சீழ்க்கைக்கும் வயல்வெளியின் சீழ்க்கைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. மேடையில் எழும் சீழ்க்கைக்குக் கைதட்டல் கிடைக்கும். வயல்வெளியில் எழும் சீழ்க்கைக்கு மறுமொழி கிடைக்கும். கைதட்டல் திறனைப் பாராட்டுவது. மறுமொழி சொல்லை ஏற்பது. திறனை வியப்போர் ஆயிரம் பேர் இருந்தும், சொல்லை விளங்கிக்கொண்டு திருப்பிச் சொல்ல எதிர்ச்சரிவில் ஒருவரும் இல்லையெனில் அம்மொழி காட்சிப்பொருளாகிவிடும். அடிப்பவர் இறுதியாக மறையும் நாளில் ஒரு சீழ்க்கை மொழி அழிவதில்லை. கேட்பவர் இறுதியாக மறையும் நாளிலேயே அழிகிறது.

நிறைவாக

குஷ்கோய் தரும் விடையை இப்போது தொகுத்துக் கூறலாம். மொழியின் உயிர் மிடற்றில் இல்லை. மிடறு அதிராமலே அங்கு மொழி நடக்கிறது. எழுத்திலும் இல்லை, எழுத்து மாறியபோதும் சீழ்க்கை மாறவில்லை. பழம்பெருமையிலோ பட்டியலிலோ பாராட்டிலோ அது இல்லை. முழுமையற்று வரும் ஓர் ஒலியைத் தன் அறிவாலும் அன்பாலும் முழுமையாக்கி மறுமொழி தருவதற்குக் காத்திருக்கும் எதிர்மலைச் செவியில் அது இருக்கிறது.

கவிதையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒருவரை நோக்கிச் சொல்லப்பட்டாலும் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்பது அது; குறைவாகச் சொல்லி, எஞ்சியதைக் கேட்பவரிடம் ஒப்படைப்பது. கவிதை எழுதுவோர்க்கு இக்காலத்தில் பஞ்சமில்லை. எழுதியதை உடனே பரப்பக் கருவிகளும் உள்ளன. விழாக்களும் பட்டங்களும் கைதட்டலும் உள்ளன. அரிதாகிவருவது, பிறர் பாடலை முழுவதும் கேட்டு, விளங்கிக்கொண்டு, 'இந்த இடத்தில் எனக்குக் கேட்கவில்லை, மீண்டும் சொல்' என்று நேரே கேட்கும் செவி.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளில் எத்தனைக் கூட்டம் நடத்தியது, எத்தனை நூல் வெளியிட்டது என்று கணக்கிடுவது வழக்கம், கணக்கிடவும் வேண்டும். அத்துடன் எத்தனைச் செவிகளைப் பழக்கியது என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். மாதந்தோறும் நாற்காலிகளைப் போட்டு, பத்துப் பேர் வந்தாலும் கூட்டத்தைத் தொடங்கி, அரங்கேறாத இளங்கவிஞரின் முதல் கவிதையைப் பொறுமையோடு கேட்டவர்களே இவ்வட்டத்தின் எதிர்மலையாக நின்றவர்கள். அவர்கள் பெயர் மலரின் பொருளடக்கத்தில் இடம்பெறுவதில்லை.

குஷ்கோயின் சரிவில் எவரேனும் ஒருவர் நாவை மடித்து மூச்சைச் செலுத்தும்போது முதலில் ஒலிப்பது பெரும்பாலும் அழைக்கப்படுபவரின் பெயர். பிறகு சிறிது நேரம் காத்திருப்பார். எதிர்ச்சரிவிலிருந்து 'கேட்கிறது' என்னும் ஒலி வந்தபின்னரே செய்தி தொடங்கும். அந்த மறுமொழிக்காகக் காத்திருக்கும் சிறுபொழுதிலேதான் அவ்வூரின் மொழி இன்றளவும் உயிர்த்திருக்கிறது.